ஆரஞ்சு ஸ்வெட்டர் ஈரமாக இருந்த நாள்

அக்டோபர் 3, வெள்ளி

கோயம்புத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். "அம்மா, தினமும் இவர் என்ன செய்றார், என்ன சாப்பிடறார், எப்படி நடந்துக்கறார்னு தேதி போட்டு எழுதிட்டு வாங்க. எனக்கு அது மருந்தை விட முக்கியம்." மளிகைப் பட்டியலைத் தாண்டி நான் எதையும் எழுதியவள் இல்லை. மருந்துக் கடைக்காரர் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. பக்கத்துக்கு ஒரு ஆரோக்கியக் குறிப்பு அச்சடித்திருக்கிறார்கள். இன்றைய குறிப்பு: மனம் விட்டுச் சிரியுங்கள். பார்க்கலாம்.

நோயாளி: தணிகாசலம், வயது ஐம்பத்தொன்பது. முப்பத்தோரு வருடம் கோத்தகிரியில் தேயிலை ருசி பார்க்கிற வேலை. காலை பத்து மணிக்கு வரிசையாக நாற்பது கிண்ணம் வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிட்டு, தரம் சொல்வார். எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது அவருடைய நாக்கு.

எழுதுபவர்: மனைவி பிரமீளா, வயது ஐம்பத்து நான்கு. எடை டாக்டருக்குத் தேவையில்லை.

நோய்: மூளையின் முன்பக்கம் சுருங்கிக்கொண்டே வருகிறதாம். மறதி நோய் வேறு, இது வேறு. என்னை அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்வது என்பதுதான் தெரியாது.

இன்று வாயில் போட்டவை: காலையில் இட்லி நான்கு, சர்க்கரை ஆறு கரண்டி. பதினோரு மணிக்கு என் ரவிக்கைக் கொக்கி ஒன்று (விரல் விட்டு எடுத்தேன்). மதியம் சோறு, குளியல் சோப்பு அரை வில்லை. மாலை, கடையில் வாங்கிய நீல மஃப்ளரில் ஒரு முழம். நன்றாகச் சப்பியிருக்கிறார். எதிர் வீட்டு ரூத்தக்கா கேக் கொடுக்க வந்தவள், நீல உதட்டோடு உட்கார்ந்திருந்த மனிதனைப் பார்த்து, "ஐயோ பிரமி, போயிட்டாருடி!" என்று தட்டைப் போட்டு உடைத்தாள். போனவர் குனிந்து தரையில் கிடந்த கேக்கை எடுத்துத் தின்றார்.

அக்டோபர் 4, சனி

டாக்டருக்குப் போன் செய்தேன். மஃப்ளர் சாயம் வயிற்றுக்குள் போனால் நல்லதில்லையாம். வாயில் போனாலும் கெடுதல் இல்லாத துணியாகப் போடுங்கள் என்றார். சாயமே ஏறாத வெள்ளைக் கம்பளி போடலாம்தான். ஆனால் இவர் பத்து மணியானால் நடக்க வேண்டும். நடக்கவிடாவிட்டால் கேட்டைப் பிடித்து உலுக்குவார். என்னோடு போகும்போதே இரண்டு முறை கையை உதறிவிட்டுத் தேயிலைக்குள் இறங்கிவிட்டார். ஐப்பசி மூட்டத்தில் வெள்ளை உடுப்போடு ஒரு ஆள் தோட்டத்துக்குள் போனால் பாலில் விழுந்த சுண்ணாம்பு மாதிரிதான். காட்டெருமையும் கரடியும் வேறு. அவற்றின் கண்ணில் மட்டும் இவர் படுவார்.

ரூத்தக்கா சொன்னாள்: "கேக்குக்குப் போடற கலர் என்கிட்ட எட்டு டப்பா இருக்குடி. சர்க்கரையில கலந்து ஊரே திங்குது, உன் வீட்டுக்காரர் சப்பினா என்ன ஆகப்போகுது? கம்பளியில அது புடிக்கும். வினிகர் ஊத்திக் காய்ச்சணும், அவ்வளவுதான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கிறிஸ்மஸ் கேக் செய்யறப்போ என் ஸ்வெட்டர் கை செவப்பாச்சு. பதினோரு வருஷமாச்சு, இன்னும் போகல."

இதைவிடப் பெரிய ஆராய்ச்சி எந்தப் பல்கலைக்கழகத்தில் நடக்கும்?

மறந்துவிட்டேன். கேட்டின் கொக்கியை ஆசாரியை வைத்து வெளிப்பக்கம் மாட்டச் சொல்லியாயிற்று. நான் கம்பிக்கு நடுவே கையை விட்டு, மணிக்கட்டைத் திருப்பித் திறக்கிறேன். இவருக்கு அது பிடிபடவில்லை. கால் மணி நேரம் முயன்று பார்த்துவிட்டுக் கம்பியைக் கடித்தார்.

அக்டோபர் 7, செவ்வாய்

பஜாரில் வெள்ளை உல்லன் எட்டு உருண்டை வாங்கி வந்தேன். இட்லிப் பாத்திரத்தில் தண்ணீர், வினிகர், ஆரஞ்சு கேக் கலர். அடுப்பைச் சிம்மில் வைத்து ஒரு மணி நேரம். தண்ணீர் கேசரி மாதிரி ஜொலித்தது. நூலை எடுத்துப் பார்த்தால் லேசாக வெட்கப்பட்ட நிறம், அவ்வளவே. அலசியதும் அந்த வெட்கமும் போய்விட்டது. இன்னும் வினிகர், இன்னும் கலர், இன்னும் ஒரு மணி நேரம். வீடு முழுக்க ஊறுகாய் வாடை. நூல் வெள்ளை வெளேர் என்று என்னைப் பார்த்துச் சிரித்தது.

ரூத்தக்கா வந்து நூலின் நுனியைத் தீக்குச்சியில் காட்டினாள். உருகிச் சொட்டி, கறுப்பு மணியாக உறைந்தது.

"இது கம்பளியாடி? பிளாஸ்டிக்கு! கம்பளின்னா முடி கருகற நாத்தம் வரணும், சாம்பலா உதிரணும்."

"கடைக்காரன் உல்லன்னுதானே குடுத்தான்?"

"பின்னுற நூலு எல்லாத்தையும் நாம உல்லன்னுதான் கேக்கறோம், அவனும் குடுக்கறான். ஆட்டைக் காட்டுன்னு கேட்டியா?"

முப்பது வருடமாக நீலகிரியில் ஸ்வெட்டர் பின்னுகிறேன். ஒரு ஆட்டையும் நான் தொட்டதில்லை என்று இன்றுதான் தெரிகிறது.

இவர் அந்த நேரம் அடுப்பருகே வந்து, ஆறியிருந்த சாயத் தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து உர்ர்ரென்று உறிஞ்சினார். சுழற்றினார். என் சேலையில் துப்பினார். "கனம் ஜாஸ்தி" என்றார். மூன்று நாளில் அவர் பேசிய முதல் பேச்சு.

அக்டோபர் 9, வியாழன்

இவருடைய இரண்டு பழைய வெள்ளை ஸ்வெட்டர்கள் பெட்டியில் இருந்தன. தொழிற்சாலைக்குப் போட்டுக்கொண்டு போனவை. ஒரு இழையைக் கொளுத்தினேன், தலைமுடி நாற்றம். அசல். முழங்கையில் பூச்சி அரித்திருக்கிறது, இப்போது இருக்கிற தொப்பைக்கு ஒன்று போதவும் போதாது. இரண்டையும் பிரித்து ஒரு கையில்லாத ஸ்வெட்டராகப் பின்னினால் சரியாக இருக்கும். நாற்காலி முதுகில் சுற்றிச் சுற்றிப் பிரித்தேன். நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டு நின்றது. எதிரில் உட்கார்ந்து ஒரு முனையை இவர் தின்றுகொண்டே வந்தார். நான் இழுக்க, அவர் இழுக்க. கல்யாணத்தன்று தேங்காய் உருட்டி விளையாடியதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து விளையாடியது இதுதான் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 11, சனி

பிடித்துவிட்டது! ரூத்தக்கா சொன்ன முறை இது, மறக்காமல் இருக்க எழுதுகிறேன். நூலை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைக்க வேண்டும். கலரும் வினிகரும் கலந்த தண்ணீரில் போட்டு மெதுவாகச் சூடேற்ற வேண்டும். கொதிக்கக் கூடாது, கிளறக் கூடாது. கிளறினால் கம்பளி ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு ரொட்டி ஆகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாயம் எல்லாம் நூலுக்குள் போய், தண்ணீர் தெளிந்துவிடும். பிறகு அதே பாத்திரத்தில் தானாக ஆற வேண்டும்.

தண்ணீர் தெளிந்ததா என்று நாங்கள் இரண்டு பேரும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தோம். இவர் வந்தார். ஒரு கரண்டி எடுத்து ஊதி, உறிஞ்சினார். துப்பினார்.

"வெறும் தண்ணி."

தீர்ப்பு சரி. ஒரு சொட்டு நிறம் பாக்கி இல்லை. ரூத்தக்கா கை தட்டினாள். "சார், உங்களை நான் வேலைக்கு வச்சுக்கறேன்!" அவர் அவளைப் பார்க்கவில்லை. மேஜையில் இருந்த கலர் டப்பாவை நக்கிக்கொண்டிருந்தார்.

நூலைப் பிழிந்து தூக்கியபோது பாத்திரம் சரிந்து, சுடு தண்ணீர் என் இடது கையில் ஊற்றிவிட்டது. கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நன்றாக, மனம் விட்டு. முதல் பக்கத்துக் குறிப்பு அவருக்காகத்தான் போலிருக்கிறது.

கையில் கொப்புளம். பெரிதாக ஒன்றும் இல்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

பின்னுகிறேன். இவருடைய தங்கை அமுதவல்லி ஈரோட்டிலிருந்து போன்.

"அண்ணி, அண்ணனை எங்கயோ ஹோம்ல சேர்க்கப் போறதா யாரோ சொன்னாங்க?"

"விசாரிச்சேன். சேர்க்கல."

"சேர்த்துடாதீங்க அண்ணி. சொந்தம் பந்தம் காறித் துப்பும். எங்கம்மா ஆவி சாந்தி அடையாது."

"நீ வந்து ஒரு வாரம் இருந்து பாரேன், அமுதா."

"எனக்கு மலை ஒத்துக்காதே அண்ணி. ஏறினாலே வாந்தி."

பாவம், மலைக்குத்தான் எத்தனை கெட்ட பெயர்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிரசம் பதினொன்று தின்றார். ஒரு மத்தாப்புக் கம்பியைக் கடித்தார், பற்ற வைக்காததுதான். என் வலது மணிக்கட்டில் கதவு இடித்துவிட்டது.

அக்டோபர் 21, செவ்வாய்

ரூத்தக்கா மணிக்கட்டைப் பார்த்துவிட்டாள்.

"என்னடி இது?"

"கதவு."

"உங்க வீட்டுக் கதவுக்கு மேல்பல்லு, கீழ்ப்பல்லு எல்லாம் இருக்கா?"

முந்தானையை இழுத்து மூடினேன். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுப் போனாள். டாக்டர் ஐயா, கதவு என்று நான் எழுதியதை நீங்கள் உங்களுக்குத் தோன்றுகிறபடி படித்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 27, திங்கள்

ஸ்வெட்டர் முடிந்தது. மீந்த நூலில் ஒரு குல்லாவும். போட்டுவிட்டு நடக்கக் கூட்டிப் போனேன். என்ன ஒரு ஆரஞ்சு! பழனிக்குப் போகிற சாமியாருக்கும் நெடுஞ்சாலை வேலைக்காரனுக்கும் நடுவே ஒரு ஜாதி. பால் சொசைட்டி முனையில் மூட்டம் இறங்கி எதிரில் வந்த லாரியே தெரியவில்லை, இவர் தெரிந்தார். நாற்பது அடி முன்னால் போனாலும் தெரிந்தார். தோட்டத்துப் பெண்கள் மேல் வரியிலிருந்து, "அய்யாவுக்குக் கல்யாணமா?" என்று கத்தினார்கள்.

அடிமுனையைச் சப்பிக்கொண்டே நடந்தார். உதட்டில் நிறம் இல்லை, நூலிலும் குறையவில்லை. ரூத்தக்காவும் நானும் உலகத்துக்கு ஏதோ கண்டுபிடித்துக் கொடுத்த மாதிரி டீ குடித்தோம்.

நவம்பர் 1, சனி

இன்று தூக்கம் மொத்தமாக மூன்று மணி நேரம். இவர் உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டார். எதில் என்று எழுதினால் சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்களுக்குக் கஷ்டம். துவைத்தேன். மறுபடி போனார். துவைத்தேன். நாலாவது தடவை நான் அவரை ஒன்று சொன்னேன். அதை எழுதவில்லை. அவருக்கு அது காதில் விழுந்தது. காதில் விழுந்து, ஒன்றும் ஆகவில்லை.

ரூத்தக்கா கேட்டாள்: "இன்னும் எத்தனை வருஷம்னாரு டாக்டர்?"

"எட்டு, பத்து இருக்கலாமாம். உடம்பு கல்லு மாதிரி இருக்காம்."

"நல்ல சேதிதானே."

"ரொம்ப நல்ல சேதி."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

ஒன்றும் இல்லை. மழை. அவர் என்னை "யம்மா, தள்ளு" என்றார். தள்ளினேன்.

நவம்பர் 5, புதன்

பகல் மூன்று மணிக்கு எழுதுகிறேன். போலீஸ் இப்போதுதான் போனார்கள். நடந்ததை வரிசையாக எழுதி வைக்கச் சொன்னார்கள்.

காலை ஆறரைக்கு எழுந்தோம். உப்புமா, சர்க்கரை. ஆரஞ்சு ஸ்வெட்டரில் நேற்று சாம்பாரைக் கொட்டியிருந்தார். அதனால் ஸ்வெட்டரையும் குல்லாவையும் ஏழரைக்குத் துவைத்துக் கொல்லைக் கொடியில் போட்டேன். குளிருக்கு அவருடைய பழைய சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையைப் போட்டுவிட்டேன். ஒன்பதரைக்கு மூட்டம் இறங்கியது. கேட்டிலிருந்து ரோடு தெரியவில்லை. பத்து மணிக்கு அவர் கேட்டுக்குப் போனார். நான் சமையலறையில் கிரைண்டரில் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தத்தில் வெளியே நடந்தது எதுவும் கேட்கவில்லை. மாவை வழித்துவிட்டு வந்து பார்த்தபோது பதினொன்றே கால். கேட் திறந்திருந்தது. அவர் இல்லை.

கொக்கி காற்றில் கழன்றிருக்க வேண்டும்.

ரூத்தக்கா வீட்டுக்கு ஓடினேன். அவள் சர்ச் ஆட்கள் நான்கு பேரைக் கூப்பிட்டாள், தோட்டத்துக்குச் சொல்லி அனுப்பினாள், ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். எல்லாம் அவள்தான். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஏட்டு கேட்டார்: "கொக்கி வெளியில இருக்கே. அவரால திறக்க முடியுமா?"

"முடியாது. காத்துல..."

"காத்தா?" அவர் மூட்டத்தைப் பார்த்தார். அது சுவர் மாதிரி அசையாமல் நின்றது. "நீங்க அப்போ எங்க இருந்தீங்கம்மா?"

"உள்ள. மாவு அரைச்சுக்கிட்டிருந்தேன்."

ரூத்தக்கா என் பக்கத்தில் நின்றிருந்தாள். என் கையைப் பார்த்தாள். பிறகு, "ஆமா சார். கிரைண்டர் சத்தம் என் வீடு வரைக்கும் கேட்டுச்சு" என்றாள்.

ஏட்டு அதையும் எழுதிக்கொண்டு போனார்.

காலை ஏழு மணியிலிருந்து எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. கம்பத்தில் மரம் சாய்ந்துவிட்டது. இப்போதும் இல்லை.

நவம்பர் 5, மாலை

ரூத்தக்கா பிளாஸ்கில் டீ கொண்டுவந்தாள். கொல்லைக்குப் போய்க் கொடியைப் பார்த்துவிட்டு வந்தாள். ஸ்வெட்டர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஐப்பசியில யாருடி கம்பளி துவைப்பா?" என்றாள்.

அவள் சொல்வது இந்த ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மழைக்காலம் பிறந்தால் கம்பளியைத் தட்டி உதறிப் போட்டுக்கொள்வோமே ஒழிய, தை வெயில் வரும்வரை ஒருத்தியும் தண்ணீரில் போட மாட்டாள். கறை பட்ட இடத்தை மட்டும் துடைத்தால் போதும். துவைத்தால் ஒரு வாரம் காயாது.

"சாம்பார் கொட்டிட்டார்."

"ம்."

டீயை ஊற்றிக் கொடுத்தாள். குடித்தேன். தேடப் போனவர்கள் இருட்டியதும் திரும்பிவிட்டார்கள். மூட்டத்தில் டார்ச் அடித்தால் டார்ச்தான் தெரிகிறதாம்.

நவம்பர் 6, வியாழன்

காலை. இன்னும் இல்லை.

பகல் ஒன்று. கிடைத்துவிட்டார். உயிரோடு.

கொழுந்து எடுக்கிற பூவாயி என்பவள் பார்த்திருக்கிறாள். கீழ் வரியில், செடிகளுக்கு நடுவே ஒரு பாறையை ஒட்டி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நேத்து சாயங்காலமே அந்தப் பக்கம் வந்தோம்மா. இன்னிக்குக் காலையிலயும் வந்தோம். ரெண்டு வாட்டியும் அய்யாவைப் பக்கத்துலயே தாண்டிப் போயிருக்கோம். சாம்பச் சட்டையில அவரும் பாறையாட்டமே இருந்தாரு. எப்பவும் போடற ஆரஞ்சு போட்டிருந்தா நேத்தே கண்ணுல பட்டிருப்பாரும்மா."

"ஆமா" என்றேன். "அது ஈரமா இருந்துச்சு."

கால் முழுக்க அட்டை. வாயில் தேயிலை. பச்சை இலையாக அடைத்துவைத்திருந்தார். நர்ஸ் தோண்டி எடுத்தபோது அவளைக் கடிக்கப் பார்த்தார். அப்போதுதான் பிழைத்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

நிமோனியா. இரண்டு பக்கமும் சளி. ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள்.

அமுதவல்லி வந்துவிட்டாள். ஒரு தார் பூவன் பழத்தோடு, மலையில் வாந்தி எடுக்காமல். வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "எங்கண்ணி மனுஷி இல்ல, தெய்வம்! வேற ஒருத்தியா இருந்தா என்னைக்கோ கொண்டுபோய்த் தள்ளியிருப்பா. தெய்வம் அண்ணி நீங்க!" பக்கத்துக் கட்டில் கிழவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது? அபிஷேகம் செய்யாமல் விட்டார்களே.

நவம்பர் 11, செவ்வாய்

காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டரம்மா சின்னப் பெண், இருபத்தெட்டு இருக்கும். கோயம்புத்தூர் டாக்டர் சொல்லி நான் டைரி எழுதுவது அவளுக்குத் தெரியும், கேட்டாள். கொடுத்தேன். ஒரு பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று நினைத்து, கிழிக்காமல்தான் கொடுத்தேன். அவள் நின்றபடியே படித்தாள். தேங்காய் உருட்டிய இடத்தில் சிரித்தாள். ஐந்தாம் தேதிக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. கடைசி வரி வரைக்கும் போகிறாளா என்று அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் கூப்பிட்டாள், பாதியில் மூடிவிட்டாள்.

"ஆன்ட்டி, மாவு அரைச்சதுக்காக உங்களைக் குத்தம் சொல்லிக்காதீங்க. ஒரு நிமிஷம் கண்ணெடுத்தா போதும். யாருக்கு வேணும்னாலும் நடக்கும்."

"சரிம்மா" என்றேன்.

யாருக்கு வேண்டுமானாலும் நடக்காது என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். ரவுண்ட்ஸுக்குப் போகிற பெண்ணை எதற்கு நிறுத்துவது?

நவம்பர் 13, வியாழன்

காய்ச்சல் இல்லை. கண் திறந்து என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்குத் தெரியுமோ என்று நினைத்து, போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்தேன். "சர்க்கரை" என்றார்.

நவம்பர் 17, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆறு கிலோ குறைந்திருக்கிறார். ஆரஞ்சு ஸ்வெட்டர் காய்ந்திருந்தது. போட்டுவிட்டேன், தொளதொள என்று தொங்கியது. அமுதவல்லி கோத்தகிரியிலேயே பெரிய பூட்டாகப் பார்த்து ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு, மூன்று மணிப் பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டாள். "இனிமே காத்துக்கும் புயலுக்கும் திறக்காது அண்ணி, நிம்மதியா இருங்க." பூட்டில் இரண்டு சாவி. ஒன்றைத் தானே எடுத்துக்கொண்டு போய்விட்டாள், ஈரோட்டில் இருந்துகொண்டு எதைத் திறக்கவோ. இன்னொன்று என்னிடம்.

நவம்பர் 18, செவ்வாய்

பத்து மணிக்கு அவர் எழுந்தார். இரண்டு அடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கி, கேட் வரைக்கும் போனார். பூட்டை உலுக்கினார். நெற்றியைக் கம்பியில் வைத்துக்கொண்டு நின்றார். மூட்டம் கேட்டுக்கு வெளியே வந்து நின்றது, உள்ளே வரவில்லை. நான் பின்னால் போய் நின்றேன். சாவி என் இடுப்பில் இருந்தது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. சாவி எப்போது கைக்கு வந்தது என்றும் தெரியாது. பூட்டின் துளைக்குள் பாதி போயிருந்தது. மூட்டம் கொஞ்சம் விலகியிருந்தது, எதிர் வீட்டு ஜன்னலில் ரூத்தக்கா நின்றுகொண்டிருந்தாள். கத்தவில்லை, கையாட்டவில்லை. பார்த்தாள்.

உருவி எடுத்துக்கொண்டேன். அவரை உள்ளே கூட்டி வந்தேன். கஞ்சி கொடுத்தேன்.

நவம்பர் 19, புதன்

காலையில் அவருக்குக் கஞ்சி கொடுத்து, கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு ரூத்தக்கா வீட்டுக்குப் போனேன். கேட்டை வெளியிலிருந்து பூட்டிவிட்டுத்தான் போனேன். அவள் கேக்குக்கு முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள்.

சாவியை முந்திரித் தட்டில் வைத்தேன்.

"என்னடி?"

"நீயே வச்சுக்க. காலையில ஆறு மணிக்கு வந்து திற. நான் பாலு, காய்கறி வாங்கிட்டு வந்ததும் எட்டு மணிக்குப் பூட்டு. பத்து மணிக்கு அவர் நடக்கறப்போ நீயும் கூட வா. முடியாத அன்னிக்கு உன் சர்ச் ஆளு யாரையாவது அனுப்பு. மத்த நேரம் சாவி உன்கிட்டயே இருக்கட்டும்."

"எனக்கென்ன வேற வேலை இல்லையா? கிறிஸ்மஸ் வருது, நாப்பது கேக் ஆர்டர்." முந்திரியைப் பார்த்தபடியே பேசினாள். "வீட்டுக்காரி குத்துக்கல்லாட்டம் நீ இருக்கப்போ சாவி எதுக்கு என்கிட்ட?"

"வீட்டுக்காரி இருக்கறதாலதான்."

ரூத்தக்கா முந்திரி உடைப்பதை நிறுத்தினாள். என்னை ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டால் சொல்லிவிடுவது என்றுதான் போயிருந்தேன். காற்று இல்லை, மாவு இல்லை, சாம்பார் ஒரு சொட்டுதான் என்று மூன்று வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. சாவியை எடுத்து, முந்திரித் தூள் ஒட்டிய கையோடு ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

"நடுவுல வீடு தீப்பிடிச்சா?"

"கத்தறேன்."

"சத்தமா கத்து. எனக்குக் காது மந்தம். கிரைண்டர் ஓடினாத்தான் கேக்கும்."

இரண்டு பேரும் சிரித்தோம். கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, பிறகு அவள் என்னோடு வந்தாள். நான் உள்ளே போனதும், கேட்டை இழுத்துப் பூட்டினாள். ஒரு முறை உலுக்கிப் பார்த்தாள். ஆசாரி கூட அப்படி உலுக்கியதில்லை.

ஈரோட்டுக்குப் போன் செய்து இன்னொரு சாவியை எனக்கு அனுப்ப வேண்டாம், உன்னிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஹோம் பற்றியும் சொன்னேன். பதினைந்து நாளில் இடம் கிடைக்கும், சேர்க்கப்போகிறேன் என்றேன்.

"அண்ணி! தெய்வம் மாதிரி இருந்துட்டு நீங்களா இப்படி?"

"ஆமா அமுதா. தெய்வத்துகிட்ட இவர் இருக்க வேண்டாம்."

நவம்பர் 20, வியாழன்

காலை ஆறு பத்து. மழை இல்லை, மூட்டம். ரூத்தக்கா இன்னும் வரவில்லை. அவர் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்துக் கம்பியை நான் பிடித்திருக்கிறேன்.